இரண்டாவது மாதிரி

மல்லேஸ்வரத்திலிருந்து காலை ஏழரைக்குள் கிளம்பிவிட்டால் ஆய்வகத்துக்கு இருபது நிமிடம். எட்டாகிவிட்டால் ஒரு மணி நேரம். அதனால் பதினாறு வருடமாக ஆய்வகக் கதவை முதலில் திறப்பவள் நான்தான். ஒளித்து மறைத்துச் செய்ததாக யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். எல்லாம் பகல் வெளிச்சத்தில், என் வழக்கமான நேரத்தில் நடந்ததுதான்.

டாக்டர் அனந்தலக்ஷ்மி, இந்த விசாரணைக் குழுவுக்கு நீங்கள் தலைவர் என்றாலும் கண் மருத்துவர். என் துறை உங்களுக்குப் பழக்கமில்லை. ஆகவே இயந்திரத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன்.

உள்ளங்கை அகலத்தில் ஒரு கலம். அதில் ஊட்டத் திரவமும் புற்றுநோய் செல்களும் இருக்கும். கலம் மெதுவாகச் சுழன்றுகொண்டே இருப்பதால் செல்கள் விழுந்துகொண்டே இருக்கும், ஆனால் அடியில் போய் உட்கார முடியாது. விண்வெளியின் எடையின்மையைத் தரையிலேயே ஓரளவு உண்டாக்குகிற வழி இது. சாதாரணத் தட்டில் இந்தச் செல்கள் அடியில் ஒட்டிப் படரும். சுழலும் கலத்தில் பிடிமானத்தை விட்டு, ஒன்றோடொன்று சேர்ந்து, ஜவ்வரிசி போல உருண்டையாகிவிடும். சிலருடைய செல்கள் அப்போது தாமாகவே செத்துப்போகின்றன. சிலருடையவை முன்னைவிடக் கெட்டிப்பட்டுவிடுகின்றன. ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. ஒரே ஆளின் கட்டியிலிருந்து, மருந்து எதுவும் படுவதற்கு முன், சில வார இடைவெளியில் இரண்டு மாதிரி கிடைத்தால் ஓரளவு தெரிந்துகொள்ளலாம். அது கிடைக்காது. புற்றுநோய் என்று தெரிந்ததும் சிகிச்சையைத் தொடங்கிவிடுவார்கள். தொடங்கத்தான் வேண்டும்.

என் தங்கை உஷா என்னைவிட ஆறு வயது சின்னவள். மெட்ரோ நிலையத்தில் டிக்கெட் கவுன்டரில் வேலை. அவள் கணவர் ரங்கா இன்சூரன்ஸ் ஆபீசில் இருக்கிறார். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஒரே தெருவில் வீடு என்பதால் ராத்திரிச் சாப்பாடு அவர்களோடுதான். புதன்கிழமை அவளுக்கு விடுமுறை. அன்று மதியம் எனக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு ஆய்வகத்துக்கு வந்துவிடுவாள். முதல் தடவை இயந்திரத்தைப் பார்த்தபோது, "இப்படிச் சுத்திண்டே இருந்தா அதுகளுக்குத் தலை சுத்தாதா அக்கா?" என்று கேட்டாள். அதை நான் இரண்டு சொற்பொழிவுகளில் சொல்லியிருக்கிறேன். அரங்கத்தில் எல்லோரும் சிரிப்பார்கள்.

போன வருடம் ஜனவரியில் அவளுக்கு வலது மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. நான்தான் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். ஊசி போட்டுச் சதை எடுத்தார்கள். அதில் ஒரு துணுக்கை ஆராய்ச்சிக்கென்று கேட்டு வாங்கிக்கொண்டேன். உஷாவுக்கு அது தெரியும். பெருமையாகக்கூட இருந்தது. புற்றுநோய் மருத்துவர் டெரிக், அடுத்த திங்கட்கிழமையே மருந்தைத் தொடங்கிவிடலாம், இந்த நிலையில் நல்ல வாய்ப்பு இருக்கிறது என்றார். இறுதி ரிப்போர்ட்டை நான் போய் வாங்கினேன். எங்கள் வீட்டில் உடம்பு சம்பந்தமான காகிதம் எதுவும் என்னிடம்தான் வரும். நான் மருந்து எழுதும் டாக்டர் இல்லை என்பதை அவர்கள் எப்போதோ மறந்துவிட்டார்கள்.

அதற்குள் முதல் மாதிரியைக் கலத்தில் போட்டிருந்தேன். ஐந்தாம் நாள் பார்த்தபோது பெரும்பாலான செல்கள் செத்திருந்தன. அப்படி ஒன்றை நான் அதுவரை பார்த்ததில்லை. இதே கட்டி இரண்டு மாதம் கழித்து எப்படி நடந்துகொள்ளும் என்று நாற்காலியில் உட்கார்ந்து யோசித்தேன். அரைமணி நேரம் இருக்கும். பிறகு வீட்டுக்குப் போனேன்.

உஷா அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தாள். ரிப்போர்ட்டை இன்னொரு இடத்திலும் காட்டிக் கேட்டேன், மெதுவாக வளர்கிற வகைதானாம், அவசரப்பட்டு விஷ மருந்தை ஏற்றவேண்டாம், பத்து வாரம் கழித்து மறுபடி ஊசி போட்டுப் பார்த்து முடிவு செய்யலாம் என்றேன். ரங்கா மூன்று தரம் கேட்டார். மூன்று தரமும் அதே வாக்கியத்தைச் சொன்னேன். உஷா தலையைத் தூக்காமல், "அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும். நீங்க சாப்பிட வாங்கோ" என்றாள்.

ரிப்போர்ட்டில் மெதுவாக என்று எங்கும் இல்லை. இருப்பதிலேயே வேகமான வகை. நான் வேறு யாரிடமும் காட்டவும் இல்லை. மறுநாள் டாக்டர் டெரிக்குக்குப் போன் செய்து, சென்னையில் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டேன். அவர் வாழ்த்துச் சொன்னார்.

அப்போது எனக்கு உண்மையாகவே ஒரு நம்பிக்கை இருந்தது. செல்கள் செத்ததை நீங்கள் பார்த்திருந்தால் உங்களுக்கும் இருந்திருக்கும். இந்த வழியாக அவளுக்கே ஒரு வைத்தியம் கிடைக்கலாம் என்று நினைத்தேன். எல்லாம் வெளியே வந்த பிறகு இதை ரங்காவிடம் சொன்னபோது அவர் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்.

மூன்றாவது வாரத்தைப் பற்றி நீங்கள் இன்னும் கேட்கவில்லை. குறிப்பேட்டில் இருக்கிறது, எப்படியும் பார்ப்பீர்கள். நானே சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு மாதிரியிலும் ஒரு பங்கைச் சாதாரணத் தட்டில் வளர்த்து, வழக்கமான மருந்துகளை விட்டுப் பார்ப்போம். உஷாவுடையதிலும் செய்தேன். அதில் ஒன்று டெரிக் கொடுக்க நினைத்த மருந்து. மூன்றாம் நாள் அந்தத் தட்டில் நூற்றுக்கு ஆறு செல்கூட உயிரோடு இல்லை. மருந்து அவளுக்குக் கேட்கும் என்று அதற்கு அர்த்தம். இருமுறை எண்ணிப் பார்த்தேன். தேதியையும் நேரத்தையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அன்று புதன்கிழமை. கத்திரிக்காய் போட்டுக் கிளறிய வாங்கிபாத் கொண்டுவந்திருந்தாள். கத்திரிக்காயைத் தனியாக எடுத்து என் தட்டில் வைத்தாள், எனக்குப் பிடிக்கும் என்று. "என்னுது எப்படி இருக்கு?" என்று இயந்திரத்தைக் காட்டிக் கேட்டாள். நன்றாக அடங்கியிருக்கிறது என்றேன். இருவரும் சாப்பிட்டோம்.

அன்றைக்கே அவளைக் கூட்டிப்போயிருக்கலாம். போயிருந்தால் இரண்டாவது மாதிரி கிடைத்திருக்காது. இன்னும் ஏழு வாரம்தான் இருந்தது. ஆராய்ச்சியில் ஏழு வாரம் என்பது ஒன்றுமே இல்லை.

பிப்ரவரி முடிவில், கவுன்டரில் டோக்கனை நீட்டும்போது தோள் இழுக்கிறது என்றாள். கால்சியம் குறைவாக இருக்கும் என்று மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். மார்ச்சில் தொளதொள குர்த்தாவாகப் போட ஆரம்பித்தாள். நான் ஏன் என்று கேட்கவில்லை. கடைசி வாரம், தெரிந்த ஒரு நர்சிங் ஹோமில் ஊசி போட ஏற்பாடு செய்தேன். அங்கிருந்த டாக்டரிடம் உறுதிப்படுத்துவதற்காக என்று மட்டும் சொன்னேன். உஷா என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை வலி அதிகம் என்று பிறகு சொன்னாள்.

இரண்டாவது மாதிரியில் செல்கள் சாகவில்லை. இரண்டாம் நாளே உருண்டைகள் திரண்டுவிட்டன. விளிம்பு சுத்தமாக, முத்துப்போல இருந்தன. என் வேலையில் அவ்வளவு அழகான படம் கிடைத்ததில்லை. எங்கள் கட்டுரையின் நான்காவது படம் அதுதான். கீழே நோயாளி எண் பதினேழு என்று போட்டிருக்கும்.

அதன் பிறகுதான் நோயின் குணம் மாறிவிட்டது என்று வீட்டில் சொன்னேன். வேறு மருத்துவமனையில் சேர்த்தோம். கல்லீரலுக்கும் முதுகெலும்புக்கும் போய்விட்டிருந்தது. தட்டில் மூன்று நாளில் வேலை செய்த மருந்தைத்தான் கொடுத்தார்கள். அது இப்போது கேட்கவில்லை. முடி இருந்தவரை தினமும் காலையில் நான்தான் அவளுக்குத் தலை வாரிவிட்டேன். அதற்குப் பிறகு எண்ணெய் தடவிவிட்டேன். நவம்பர் பதினொன்றாம் தேதி போய்விட்டாள். ஒரு சான்றிதழுக்காக ரங்கா டாக்டர் டெரிக்கைப் பார்க்கப் போனபோது, சென்னையில் எந்த மருத்துவமனை என்று அவர் கேட்டிருக்கிறார். ரங்காவின் புகார் அப்படி வந்ததுதான். அவர் எழுதியதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை.

எனக்கு வருத்தம் இருக்கிறதா என்று போன தடவை கேட்டீர்கள். புதன்கிழமைகளில் மதியம் நான் சாப்பிடுவதில்லை. பசி எடுப்பதில்லை. வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

உங்கள் அறிக்கையின் வரைவைப் படித்தேன். நோயாளியிடம் உண்மையை மறைத்தது, சிகிச்சையைத் தடுத்தது, அதனால் உயிர் போனது, எல்லாம் சரியாக இருக்கிறது. ஒரு இடத்தில் மட்டும் திருத்தம் வேண்டும்.

அவள் போவதற்கு எட்டு நாள் முன்னால், ரங்கா காபி வாங்கக் கீழே போயிருந்தபோது, உஷா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

"அந்த முதல் ரிப்போர்ட் என் மொபைலுக்கும் வந்துது அக்கா" என்றாள். "வேகமா வளர்றதுன்னுதான் போட்டிருந்தது. அர்த்தம் தேடிப் பார்த்தேன். நீ வேற மாதிரி சொன்னே. அக்காவுக்கு ஏதோ காரணம் இருக்கும்னு இருந்துட்டேன்."

ரங்காவிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா உன்னை உள்ளேயே விடமாட்டார். அப்புறம் நீ ராத்திரி எங்க சாப்பிடுவே?"

கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன். பிறகு, "உன் வேலை ஆச்சா?" என்றாள். ஆச்சு என்றேன். தலையை ஆட்டினாள். இடது பக்கமாகத் திருப்பிப் படுக்கவைக்கச் சொன்னாள். திருப்பிவிட்டேன்.

அவளுக்கு முதலிலிருந்தே தெரியும், டாக்டர். தெரிந்தேதான் பத்து வாரம் இருந்தாள். ஆகவே ஏழாம் பக்கத்தில் 'சம்மதம் இல்லாமல்' என்று இருப்பதை மட்டும் எடுத்துவிடுங்கள். மற்ற எல்லாவற்றுக்கும் இப்போதே கையெழுத்துப் போட்டுவிடுகிறேன்.