அக்காவைப் பார்க்க வந்தவள்

பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை போகும் பேருந்தில் என் முன்சீட்டில் நடுவயதுக் கணவன் மனைவி இருந்தார்கள். கணவர் சொன்ன ஒரு வார்த்தையில் என் காது அங்கே போய்விட்டது.

"இன்னைக்கி ஒரு நாளு நீ நானாட்டு இருந்தா போரும், பிள்ளே."

"எனக்க பேருல நாவல் எழுதி அச்சடிச்சு வித்தீங்க, செரி. எனக்க பேருல அத வாசிச்ச பெண்ணுகிட்ட பேசவும் செய்தீங்களா?"

"வாசிச்சிட்டு அக்காண்ணு மெசேஜ் போட்டா. நான் ஆணாக்கும்ணு அப்பம் சொல்லல்ல. பின்ன சொல்ல நாணமாப் போச்சு."

"என்ன எழுதினா?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"மாப்பிள அடிக்கியது. வேற, பெண்ணுவகிட்ட மட்டும் சொல்லுவது."

"எல்லாம் வாசிச்சீங்களா?"

"வாசிச்சேன். அக்கா உண்டு, இன்னைக்கி நெய்யாற்றின்கரைக்கு வாண்ணு பதிலும் போட்டேன்."

நெய்யாற்றின்கரை ஸ்டாண்டில் ஒரு பெண் துணிப்பையைக் காலடியில் வைத்து, கையில் ஒரு நாவலோடு எங்கள் பேருந்தின் ஜன்னல்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் சட்டென்று குனிந்தார்.

"நீ மட்டும் போ. நான் எறங்கல்ல."

மனைவி எழுந்து அவர் கையைப் பிடித்தாள்.

"எறங்குங்க. அவ பாக்க வந்தது உங்களயாக்கும்."