முதல் குழியின் புல்லில் அமர்ந்து எழுந்த மேலாளர் அம்மையாருக்கு

தட்டச்சு மேசையில் தொடங்கித் தலைமை மேசை வரை தளராமல் நடந்தவரே! கொடியும் குழியும் கூரையும் குழாயும் ஒன்றுபோல் கண்காணித்துக் காத்தவரே! கடிந்தாலும் கைவிடாத எங்கள் மேலாளர் அம்மையாரே! கோல்ஃப் கிளப் ஊழியர்கள் அனைவரின் அன்பு வணக்கம்.

இந்த மடல் முழுவதையும் இப்படியே அடுக்குமொழியில் எழுதத்தான் ஆசைப்பட்டோம். எங்களில் சிலர் மாலை நேரத் தமிழ் வகுப்பில் கற்ற அடைமொழிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், அவை ஓய்வு பெறும் யாருக்கும் பொருந்துகின்றன. ஆகவே நடந்ததை நடந்தபடி சொல்லியே பாராட்டுகிறோம். பிசகு இருந்தால் நீங்களே திருத்திவிடுங்கள். எங்கள் விடுப்பு விண்ணப்பங்களைக்கூடப் பிழை திருத்திய பிறகுதானே ஒப்புதல் தருவீர்கள்!

இந்த மைதானம் ஒரு காலத்தில் செங்கல் சூளைக்கு மண் எடுத்த பள்ளக்காடு. ஒரு பல் மருத்துவரும் ஒரு மரக்கடைக்காரரும் இதை நகர நிர்வாகத்திடம் குத்தகைக்கு எடுத்து, ஆறு குழிகளோடு ஆடத் தொடங்கினார்கள். பள்ளங்களை மூட வசதியில்லை. மணலைக் கொட்டி, இவற்றைத் தாண்டி அடிப்பதுதான் திறமை என்று அறிவித்துவிட்டார்கள். இன்றும் பெரிய பெரிய ஆட்டக்காரர்களின் பந்தெல்லாம் அங்கேதான் போய் விழுகிறது. முதல் கட்டடம் தகரக் கொட்டகை. மழை வந்தால் உள்ளேயும் குடை பிடிக்க வேண்டும். ஆறு குழி ஒன்பதாகி, பிறகு பதினெட்டானது.

பெண்கள் வராந்தாவைத் தாண்டக்கூடாது என்ற விதி வெகுநாள் இருந்தது. அந்தக் காலத்தில்தான் தட்டச்சராக வந்து சேர்ந்தீர்கள். தட்டச்சுப் பொறி உள்ளறையில் இருந்ததால் விதிதான் வழிவிட வேண்டியதாயிற்று. அன்று உள்ளே வந்தவர் இன்றுதான் வெளியே போகிறீர்கள்.

பந்து தொலைந்த ஆத்திரத்தில் பை தூக்கும் ஊழியரைத் திட்டிய உறுப்பினரை, தேநீர் வருவதற்குள் மன்னிப்புக் கேட்க வைத்தவர் நீங்கள். வராந்தாவில் நின்று நீங்கள் கூப்பிட்டால் பதினெட்டாம் குழியில் இருப்பவரும் நிமிர்ந்து நிற்பார். அதனால் உங்களுக்கு நாங்கள் வைத்த பட்டப்பெயர் 'சைரன்'. இது உங்களுக்குத் தெரியாது என்று இவ்வளவு காலம் நம்பியிருந்தோம். போன வாரம் சமையற்காரரிடம், "சைரன் போனப்புறம் எல்லாரும் நிம்மதியா தூங்குவீங்களா?" என்று கேட்டீர்களாமே!

இனி அந்த வறட்சி ஆண்டைச் சொல்லாமல் இருக்க முடியாது.

ஊரெல்லாம் குடத்தோடு லாரிக்குக் காத்திருந்தது. கிளப் கிணறும் வற்றியது. குடிநீரில் ஒரு சொட்டும் புல்லுக்குப் போகக்கூடாது என்று நீங்கள் உத்தரவிட்டீர்கள். அப்படியே நடந்தது, புல் காய்ந்தது. அந்த நேரம் பார்த்துக் கிளப்பின் பொன்விழா வந்தது. "விழாப் படத்துல காஞ்ச புல்லா? மானம் போயிடும்" என்றார் கிளப் தலைவர். அவர் இதோ இந்த வழியனுப்பு விழாவின் முன்வரிசையில் சிரித்துக்கொண்டிருக்கிறார். நீங்கள் வேண்டாம் என்றீர்கள், பிறகு அரைமனதாகத் தலையசைத்தீர்கள். முதல் குழியைச் சுற்றிப் பச்சைச் சாயம் தெளித்தோம்.

படம் எடுப்பதற்கு முன்பே நகர அதிகாரி வந்துவிட்டார். கிளப் ஊர்க் குடிநீரைத் திருடுகிறது என்று யாரோ புகார் கொடுத்திருந்தார்கள். உண்மையென்றால் அன்றோடு குத்தகை ரத்து. எங்கள் எல்லோருக்கும் வேலை போய்விடும். அவர் கண்ணில் முதலில் பட்டது அந்தப் பச்சைதான்.

"ஊரே தண்ணியில்லாம தவிக்குது. இங்க மட்டும் எப்படி சார் பச்சைப்பசேல்னு இருக்கு?"

"அது வந்து... ஒசத்தியான புல்லுங்க. தண்ணி கம்மியா குடிக்கும்" என்றார் தலைவர்.

அதிகாரி பேனாவைத் திறந்தார்.

"ஒரு நிமிஷம் சார். அது புல்லு நிறமில்ல, சாயம்" என்றீர்கள். அவர் நம்பவில்லை. விழாவுக்காகத் தைத்த வெள்ளை உடையோடு போய் அந்தப் புல்லில் உட்கார்ந்தீர்கள். "ஐயையோ மேடம், ரெண்டாவது தடவை அடிச்சது இன்னும் காயல!" என்று தோட்டக்காரர் அலறினார். நிதானமாக எழுந்து, திரும்பி நின்று காட்டினீர்கள். உடையில் வட்டமாகப் பச்சை!

அதிகாரி பேனாவை மூடினார். பிறகு கேட்டார்: "அப்ப இங்க எதுதான் நிஜம்?"

"குழி நிஜம் சார்" என்றார் தலைவர்.

அதிகாரி சிரித்துவிட்டார். அதே உடையோடு அவரை அழைத்துப் போய், வற்றிய கிணற்றையும் மற்ற குழிகளின் காய்ந்த புல்லையும் காட்டினீர்கள். புகார் தள்ளுபடியானது. ஆனாலும் சாயம் பூசியவர்களை நகர நிர்வாகம் முழுதாக நம்பவில்லை. அதன்பின் குத்தகையை ஒவ்வோர் ஆண்டாகத்தான் நீட்டித்தது. ஒவ்வோர் ஆண்டும் எங்களுக்கு வேலை இருக்குமா என்ற பயத்தை எங்களுக்கும் சேர்த்து நீங்களே சுமந்தீர்கள். ஓய்வு வயது வந்த பிறகும், "இத இப்படித் தொங்கவிட்டுட்டு எப்படிப் போறது?" என்று இருந்துவிட்டீர்கள்.

போன மாதம் முப்பது ஆண்டுக்கான குத்தகை கையெழுத்தானது. புல்லுக்குச் சாயம் அடிக்கக் கூடாது என்று அதில் தனியாக ஒரு நிபந்தனையே இருக்கிறது. படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்து, "அப்பாடா" என்றீர்கள். அன்று மதியம் முதல் முறையாக உங்கள் நாற்காலியிலேயே தூங்கிப்போனீர்கள். தொலைபேசி மணியடித்தது. உங்களை எழுப்பாமல் நாங்களே எடுத்துப் பேசினோம். காரியமும் சரியாகவே முடிந்தது.

அம்மையாரே, முழங்கால் வலி தீர்ந்து, நல்ல பசியும் நல்ல தூக்கமும் குறையாமல், பேரப்பிள்ளைகளின் குறும்புக்கு ஈடுகொடுத்து நெடுங்காலம் வாழுங்கள். நினைவுப் பரிசாக என்ன கொடுப்பது என்று நிறைய யோசித்தோம். கடிகாரம் உங்களுக்குப் பிடிக்காது. சால்வை ஏற்கெனவே இருக்கிறது. எனவே, நீங்கள் கவலைப்பட இங்கே எதையும் மிச்சம் வைக்காமல் வழியனுப்புகிறோம். காலையில் விழித்ததும் உங்கள் கை தானாகத் தொலைபேசிக்குப் போகும். வேண்டாம், மேடம். திரும்பிப் படுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் குரலுக்கு இனியும் நிமிர்ந்து நிற்கும்,
அலுவலகம், சமையலறை, தோட்டம், வாயிற்காவல் ஊழியர்கள்