கேட்காத பாதி

— என்னாங்க இது, நான் போன்ல பேசினதுல்ல? ஒரு "ம்" கூட விடாம கொப்பியில எழுதி வச்சிருக்கீங்க.

— வீட்டுப்பாடம், யோசப்பின். கதை எழுதுற வகுப்புல நஸ்லியா டீச்சர் குடுத்தது. வீட்டுல யாராவது போன் பேசினா, நம்ம காதுல விழுற பாதிய அப்படியே எழுதணும். கேக்காத பாதிய நாமளே கட்டணும்.

— அறுபத்திரெண்டு வயசுல கண்டிக்கு பஸ் ஏறிப் போய் இதையா படிக்கிறீங்க? ஒட்டுக்கேக்கவா?

— பரிசோதனை எழுத்தாம். "அவ சிரிச்சா, இவரு மொறைச்சாரு" ஒண்ணும் வரக் கூடாது. பேச்சு மட்டும். எனக்கும் முழுசா வெளங்கல. "எது சரியான விடை டீச்சர்?"னு கேட்டேன். அப்படி ஒண்ணு இல்லைங்குது அந்தப் புள்ள. முப்பது வருசம் அரசாங்கக் கச்சேரியில கிளாக்கரா பைல் கோவை பாத்தவனுக்கு அது எப்படி வெளங்கும்?

— சரி, கேஸ் கடைப் பையனோட நான் ஏன் இப்படிக் கொஞ்சிக்கிட்டு இருக்கேன்?

— அது மொதத் தடவ எழுதினது. அன்னைக்கு யாருன்னு கேட்டதுக்கு கேஸ் கடைன்னுதானே சொன்னே? அதனால அவன வச்சேன். நீ "சாப்பிட்டியா"ங்குறே, அவன் "சிலிண்டர் இன்னும் வரல"ங்குறான். பொருந்தல.

— நல்ல பையன். கேட்டிருப்பேன்.

— "தலைக்கு எண்ணெய் வையி"ன்னுமா?

— என்னமோ போங்க.

— அடுத்து தெல்தோட்டையில இருக்குற ஒன் தங்கச்சிய வச்சுப் பாத்தேன். அவள நீ அதட்டாம பேசினதே இல்ல. அதுவும் பொருந்தல. மூணாவதா ஒரு ஆள வச்சேன். பேனா நிக்கவே இல்ல.

— பக்கத்தத் திருப்பவே பயமா இருக்குங்க.

— திருப்பு.

— ஆண்டவரே. நம்ம றேணுகா.

— அவதானே?

— நீங்க எழுதினது கதையா, விசாரணையா?

— எனக்கே தெரியல. கதைன்னுதான் ஒக்காந்தேன். எழுத எழுத ஒன் ஒவ்வொரு பேச்சுக்கும் அவ பதில் சொல்லிக்கிட்டே வந்தா. எவ்வளவு நாளா பேசுறீங்க ரெண்டு பேரும்?

— நாலு வருசமா. "மடத்த விட்டு ஓடி வந்தவ என் வாசல மிதிக்கக் கூடாது"ன்னு சொன்னீங்களே, அதுக்கு அடுத்த கெழமையில இருந்து. வியாழக்கெழமைல பேசுவோம்.

— பொண்ணு கன்னியாஸ்திரி ஆகப் போறான்னு கோயில் பங்குச் சனம் முழுக்கக் கூட்டி விருந்து வச்சவன் நான். அவ துறவற வார்த்தைப்பாடு குடுக்காம பெட்டியோட வந்து நிக்கிறா. நான் என்னதான் செய்ய?

— கதவத் தொறந்திருக்கலாம்.

— ம்.

— இப்ப என்ன செய்யப் போறீங்க?

— நாளைக்கு வகுப்புல இத வாசிச்சிட்டு, அப்படியே நாவலப்பிட்டி பஸ்ல ஏறப் போறேன். நீ போன்ல அந்த ஊர் பேரச் சொன்னது காதுல விழுந்திச்சு. அங்க அவ வேல செய்யுற எடம் எதுன்னு மட்டும் சொல்லு.

— வேணாங்க.

— ஏன்? இந்த எடத்தப் பாரு. நீ கொஞ்ச நேரம் பேசாம இருந்தே. அதையும் குறிச்சிருக்கேன். அப்பதான் அவ "அப்பா எப்படி இருக்காரு?"ன்னு கேக்குறா.

— அது நீங்க எழுதினது.

— அதுக்குப் பொறகு நீ "ஒரு நாளைக்கு வந்திட்டுப் போயேன்"னு சொன்னது நான் எழுதினதா? என் ரெண்டு காதாலயும் கேட்டேன். அதுக்கு அவ அழுறா, நத்தார் பண்டிகைக்கு வர்றேங்குறா. அர பக்கம் பேசுறா.

— அழகாத்தான் எழுதியிருக்கீங்க.

— அழகு கெடக்கட்டும். மத்தது எல்லாம் சரின்னு ஒன் மொகமே சொல்லுது. எண்ணெயும் சரி, ஆளும் சரி. இது மட்டும் எப்படிப் பிழையாப் போகும்? என்னையப் பத்தி அவ கேட்டாளா, இல்லையா? அத மட்டும் சொல்லு. அவ கேட்டிருந்தா நான் போறேன்.

— எப்படிச் சொல்றதுன்னு தெரியலைங்க.

— நடந்தத நடந்தபடி சொல்லு.

— அந்த எடத்துல அவ ஒண்ணும் கேக்கல. உள்ள நீங்க இருமினீங்க. அது காதுல விழுந்ததும் அவ போன வச்சிட்டா. "வந்திட்டுப் போயேன்"னு நான் சொன்னது, ஆள் இல்லாத போன்கிட்ட.