திறந்தவன்தான் மூடணும்

சாயங்காலம் ஐந்தரை இருக்கும். நவம்பர் மாதம். மலைக்குப் பின்னால் சூரியன் இறங்கினால் பொசுக்கென்று இருட்டிவிடும். லாரல் ஓடையை ஒட்டி ஏறும் மண்சாலையில் ஒரே ஒரு டிரக் முக்கி முனகிப் போய்க்கொண்டிருந்தது. முன்னால் பனிமூட்டம்... பின்னாலும் பனிமூட்டம்...

கையில் கத்தி வைத்திருப்பவர்கள் இப்போதே மடக்கிப் பைக்குள் போட்டுவிடுங்கள். யார் திறந்தாரோ அவரே மடக்குங்கள். ஏன் என்று போகப் போகத் தெரியும்.

டிரக்கில் இருந்தவன் லெஸ்டர் டக்கெட். நம் டப் ஹென்ஸ்லியின் அத்தை மகன். மடக்குக் கத்தி பழுது பார்ப்பவன். ஒரு கத்தியை அவன் கையில் கொடுத்தால் போதும். எந்த ஊர்த் தொழிற்சாலை, ஏறத்தாழ எந்த வருஷம், பிடியை யார் மாற்றியிருக்கிறார்கள் என்று சொல்லிவிடுவான். இடது காது கேட்காது என்று பட்டாளம் அவனை வேண்டாம் என்றது. அவனுடைய சிநேகிதன் கோய் ஸ்டாலர்டை வா என்றது.

கோய் போனான். ஜெர்மனியில், ஒரு பனிக்காட்டில் காணாமல் போனான். ‘காணவில்லை’ என்று முதலில் ஒரு தந்தி வந்தது. ஒரு வருஷம் கழித்து, ‘இறந்ததாகக் கொள்ளவும்’ என்று இன்னொன்று. உடல் வரவில்லை. பெட்டியும் வரவில்லை. சண்டையெல்லாம் ஓய்ந்து ஊர் அடங்கியபிறகு, இந்தக் கதை நடந்த அதே வருஷம் வசந்தத்தில், கோயின் மனைவி ஐவாவை லெஸ்டர் கட்டிக்கொண்டான். வீடு கோய் கட்டியது. ஆப்பிள் தோட்டம் கோய் நட்டது. படுத்தால் லெஸ்டருக்குத் தூக்கம் வராது. எழுந்து ஜன்னலுக்குப் போவான்... சாலையைப் பார்ப்பான்... திரும்பிப் படுப்பான்... மறுபடி எழுந்திருப்பான்.

அன்றைக்கு டிரக்கை நிறுத்தி இறங்கியதும் முதலில் வந்தது வாசனை. அப்போதுதான் உரித்த ஆப்பிள்.

வாசல் தாழ்வாரத்தின் கைப்பிடிக் கட்டைமேல் ஒரு மடக்குக் கத்தி. திறந்தபடி. கீழே படியில் ஆப்பிள் தோல், ஒரு இடத்திலும் அறுபடாமல், ஒரே சுருளாக.

ஐவா கதவுக்கு உள்ளேயே நின்றிருந்தாள். வெளியே வரவில்லை.

"இப்படி ஒரே தோலா உரிக்கிறவன் இந்த மலையில ஒருத்தன்தான், லெஸ்டர்."

"ஊர்ப் பசங்க வேலை. விளையாடுறானுங்க."

"பசங்க வேலைன்னா உன் மூஞ்சி ஏன் இப்படி வெளுத்துக் கிடக்கு?"

அவன் கத்தியை எடுக்கக் கை நீட்டினான்.

"எடு. எடுத்துட்டுப் போய் நல்லாப் பாரு. அவன் கத்தியா, இல்லையா? அவன் உயிரோட இருக்கானா... எனக்கு அது ஒண்ணு தெரிஞ்சா போதும். ஆனா மூடிராத. திறந்தவன்தான் மூடணும்."

"தெரியும்டி. நான் என்ன நேத்துப் பொறந்தவனா?"

நமக்கெல்லாம் தெரிந்த சங்கதிதான். அடுத்தவர் திறந்து கொடுத்த கத்தியை, வேலை முடிந்ததும் திறந்தபடியே திருப்பிக் கொடுப்போம். மீறி மூடினால், திறந்தவன் தலையெழுத்து மூடியவன் தலையில் விடியும்.

வீட்டுக்குப் பின்னால் இருந்த ஷெட்டில் விளக்கை ஏற்றினான் லெஸ்டர். முயல் வேட்டை முடிந்து அந்த வழியாகப் போன டப், வெளிச்சம் பார்த்து உள்ளே தலையை நீட்டினான். விஷயத்தைக் கேட்டதும் சிரிப்பு தாங்கவில்லை அவனுக்கு.

"ஏண்டா, பேய்க்கு ஆப்பிள் கேக்குதாக்கும்! சரி, கோய் நிஜமாவே வந்து நின்னா என்ன சொல்லுவே? ‘வாடா நண்பா, உன் வீட்டையும் பொண்டாட்டியையும் பத்திரமாப் பார்த்துக்கிட்டேன்’னா?"

"போடா வெளியே."

"கோவிச்சுக்காதடா..."

"போடான்னா!"

டப் போய்விட்டான். லெஸ்டர் உட்கார்ந்தான். எழுந்தான். கதவைத் திறந்து வெளியே பார்த்தான். மூடினான். மறுபடி உட்கார்ந்தான்.

பார்த்த பார்வைக்குக் கத்தி முழுக்கத் துரு. துருவின் மேல் களிமண். நம் மலைச் செம்மண் இல்லை. சாம்பல் நிறத்தில், மாவு போல நைசான மண். எலும்புப் பிடி கறுத்துப்போயிருந்தது. கடை கடையாக ஆயிரக்கணக்கில் விற்ற ரகம். யாருடையதாகவும் இருக்கலாம்.

பிடியின் நுனிப் பூணில் காந்தத்தை வைத்தான். ஒட்டிக்கொண்டது. அப்படியானால் இரும்பு. நல்ல காலத்தில் அந்தப் பூணை நிக்கல் வெள்ளியில் போடுவார்கள். நிக்கலெல்லாம் சண்டைக்குப் போன வருஷங்களில்தான் இரும்பில் போட்டார்கள். கோய் ரயிலேறியதும் அந்த வருஷங்களில்தான்.

லெஸ்டர் விளக்கை இன்னும் பக்கத்தில் இழுத்தான்.

அலகின் அடியில் தொழிற்சாலை முத்திரை இருக்கும். துரு மூடிக் கிடந்தது. மண்ணெண்ணெய் விட்டு, ஊறவிட்டு, பித்தளைச் சுரண்டியால் மெல்ல... மெல்ல... எழுத்து தெரிந்தது. சண்டைக்கால முத்திரையேதான். பிடியையும் துடைத்தான். நடு ஆணி. பூதக்கண்ணாடியை வைத்துக் குனிந்தான்.

ஆணியின் தலை ஒரு பக்கம் லேசாகச் சப்பையாக இருந்தது. அப்படி அடிப்பது உலகத்தில் ஒரே ஒரு சுத்தியல்தான். அது அப்போது அவன் முழங்கைக்குப் பக்கத்திலேயே கிடந்தது.

அவனே அடித்த ஆணி. ரயிலுக்கு முதல் நாள், கோயின் கத்தியில் பிடி ஆடுகிறது என்று...

கோயின் கத்தி. கோய் கொண்டுபோன கத்தி.

அப்படியானால் கோய் வந்துவிட்டான். உயிரோடு இருக்கிறான். தன் வீட்டு வாசலில் நின்று, தன் மரத்து ஆப்பிளை உரித்துத் தின்றிருக்கிறான். நாளைக்குக் கதவைத் தட்டுவான். ஐவா அவன் மனைவி. சட்டமும் சொல்லும், சர்ச்சும் சொல்லும். பிறகு நான் யார்?

லெஸ்டர் ஷெட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தான். பெட்டியில் துணிமணியைப் போட்டுக்கொண்டு இப்போதே கிளம்பிவிடலாமா என்று யோசித்தான். போகிற போக்கில் கத்தியை இன்னொரு தரம் எடுத்துப் பார்த்தான். அங்கேதான் நின்றான்.

துரு பொய் சொல்லாது, பாருங்கள். சட்டைப்பையில் இருக்கும் கத்தி உரசி உரசிப் பளபளவென்று இருக்கும். இது அப்படி இல்லை. மூடியபடி ஈரமண்ணில் வருஷக்கணக்காகக் கிடந்த கத்தி. பிடிக்குள் ஒளிந்திருந்த கூர் மட்டும் பளிச்சென்று, ஆப்பிள் சாறோடு. வெளியே தெரிந்த முதுகெல்லாம் துரு. கத்தியைத் திறக்க நகத்தை நுழைப்போமே ஒரு சின்னக் குழி... அந்த நகக்குழியைத் துரு அடைத்து மூடியிருந்தது. ஒரு கீறல் இல்லை. எந்த நகமும் அதற்குள் போகவில்லை. மனுஷக் கை திறந்த கத்தி இல்லை அது.

உங்களுக்கும் எனக்கும் இதைக் கேட்டால் முதுகு சில்லிடும். லெஸ்டருக்கு எப்படி இருந்தது தெரியுமா? சந்தோஷமாக இருந்தது. கோய் மண்ணில் கிடக்கிறான்! செத்துவிட்டான்! ஐவா என் மனைவி! நெஞ்சிலிருந்து பாறையைப் புரட்டித் தள்ளியதுபோல அப்படியே நாற்காலியில் சாய்ந்தான். சிரித்தான். சொட்டு எண்ணெயை எடுத்து மூட்டில் விட்டான்...

கத்திக்கு நடை, பேச்சு என்று இரண்டு உண்டு. வேலை முடிந்ததும் அலகை மடக்கி, அது எப்படி நடக்கிறது, உள்ளே அதை அழுத்தும் வில்தகடு எப்படிப் பேசுகிறது என்று காதில் வைத்துக் கேட்காத பழுதுக்காரன் கிடையாது. யோசித்துச் செய்வதில்லை. கட்டைவிரல் தானாகச் செய்யும்.

செய்தது.

பாதியில் ஒரு ‘டிக்.’

பிறகு... ‘டக்.’

கேட்காத இடது காதில் கேட்டது அவனுக்கு.

விளக்குச் சுடர் ஆடவில்லை, காற்று வீசவில்லை. ஈரமண் வாசனை மட்டும் வந்தது. சட்டைக்குள்ளிருந்து வந்தது. லெஸ்டர் பதறிப்போய்க் கத்தியைத் திறக்கப் பார்த்தான். நகக்குழியில் நகம் ஏறவில்லை. வழுக்கியது. திரும்பத் திரும்ப வழுக்கியது. விரல் நுனி கிழிந்தது, எரியவில்லை.

வீட்டுப் பக்கமிருந்து ஐவாவின் குரல்.

"லெஸ்டர்! பீன்ஸ் ஆறுது! சோள ரொட்டியும் எடுத்து வெச்சாச்சு. என்னதான் பண்றே?"

பதில் சொல்ல வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை.

"இதோ வந்துட்டேன், ஐவா!"

அவனுடைய குரல்தான். ஆனால் வாசல் தாழ்வாரத்திலிருந்து வந்தது. பூட்ஸ் காலைப் படியில் தட்டும் சத்தம்... கதவு திறக்கும் சத்தம்... பிறகு தாழ்ப்பாள்.

லெஸ்டர் எழுந்தான். ஷெட் கதவுக்குப் போனான். போய்க்கொண்டே இருந்தான், கதவு வரவேயில்லை.

மிச்சம் டப் பார்த்தது.

மறுநாள் காலை டப் தன் வேட்டைக் கத்தியோடு வந்தான். பிடி ஆணி கழன்றுவிட்டது. ராத்திரி கிண்டல் செய்ததற்கு ஒரு மன்னிப்பும் கேட்டுவிடலாம் என்று நேரே ஷெட்டுக்குப் போனான். விளக்கு எண்ணெய் வற்றி அணைந்திருந்தது. நாற்காலி காலி. ஆள் இல்லை. மூலை முடுக்கெல்லாம் பார்த்தான், நிஜமாகவே இல்லை.

வீட்டு வாசலுக்கு வந்தால், கைப்பிடிக் கட்டையில் லெஸ்டர் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தான். கீழே ஆப்பிள் தோல், அறுபடாமல், ஒரே சுருளாக. அதே சட்டை, அதே முகம். நன்றாகத் தூங்கி எழுந்த முகம். இத்தனை நாளில் டப் பார்த்தே இராத நிம்மதி அதில். உள்ளே அடுப்படியில் ஐவா, முதுகைக் காட்டியபடி மாவு பிசைந்துகொண்டிருந்தாள். பிசைந்த மாவையே பிசைந்துகொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"நேத்து பேசினதை மனசுல வெச்சுக்காதடா. இந்தா, ஒரு ஆணி அடிச்சுக் குடு. மத்தியானம் வேட்டைக்குப் போகணும்."

அவன் கத்தியை வாங்கினான். புரட்டிப் பார்த்தான். எங்கே பிடிப்பது, எதைப் பார்ப்பது என்றே தெரியாத மாதிரி பார்த்தான். அப்புறம் சிரித்துக்கொண்டே டப் கையில் திருப்பி வைத்தான்.

"இதெல்லாம் எனக்கு எங்கடா தெரியும்? லெஸ்டர்கிட்ட குடு. ஷெட்டுலதானே இருக்கான்... சத்தம் கேக்கலை உனக்கு?"

டப் ஷெட்டைத் திரும்பிப் பார்த்தான்.

கேட்டது. சின்னச் சுத்தியல்... ஒரே ஆணியின்மேல், விடாமல்.