குளியலறையில் ஆள் இல்லை

இந்த அறையின் ட்யூப்லைட் மினுக்கிக்கொண்டே இருக்கிறது, சார். ஸ்டார்ட்டர் போயிருக்கும். புதிதாக ஒன்று வாங்கி மாட்டினால் சரியாகிவிடும். இந்த மாதிரி விஷயங்களைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க என்னால் முடிவதில்லை.

என் பெயர் சென்னகேசவன். போத்தனூரில் வீடு, கம்ப்யூட்டர் வேலை. மதன்குமாரும் நானும் இன்ஜினியரிங் கல்லூரி விடுதியில் ஒரே அறையில் இருந்தோம். படிப்பு முடிந்ததும் அவன் கிணத்துக்கடவுக்குப் போய் அப்பாவின் தென்னந்தோப்பையும் கயிறு மில்லையும் பார்த்துக்கொண்டான். கல்யாணம் ஆனதும் தோப்புக்குள் புது வீடு கட்டினான்.

"கேசவா, இந்தச் சுத்துவட்டாரத்துல எவனும் பாத்திருக்கக் கூடாதுடா. தானா யோசிக்கிற ஊடா இருக்கோணும். நீதான் செஞ்சு தரோணும்" என்றான்.

செய்து கொடுத்தேன். மாடிப்படிக்கு அடியில் ஒரு கம்ப்யூட்டர், அங்கிருந்து ஒவ்வொரு அறைக்கும் ஒயர். வீடு யோசிப்பதில் மாயம் ஒன்றும் இல்லை. முதலில் சொற்களுக்கு அர்த்தம் சொல்லித்தர வேண்டும். குளியலறை என்பது ஓர் அறை. லோகப்பிரியா என்பவர் ஓர் ஆள். சோபா என்பது ஒரு பொருள். பிறகு விதிகள். ஆள் இருக்கும் அறையில் காற்றும் வெளிச்சமும் வேண்டும். பொருள் மட்டும் இருக்கும் அறையில் எல்லாவற்றையும் நிறுத்தி மின்சாரத்தை மிச்சப்படுத்த வேண்டும். இவ்வளவு போதும், மீதியை அதுவே தீர்மானித்துக்கொள்ளும். யார் எங்கே இருக்கிறார்கள் என்று தெரிவதற்கு ஆளுக்கொரு கார்டு. அறைக்குள் போகும்போது கதவோரம் இருக்கும் பெட்டியில் செருக வேண்டும்.

லோகப்பிரியா மதன்குமாரின் மனைவி. வீட்டுக்கு என்னென்ன விதிகள் வேண்டும் என்று அவர்தான் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சொன்னார். நான் டைப் அடித்தேன். மாமா கார் வந்தால் வாசல் விளக்கு எரிய வேண்டும். மாமா தூங்கும்போது போன் மணி மெதுவாக அடிக்க வேண்டும். மாமாவுக்குக் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் வேண்டும், எனக்கு வெதுவெதுப்பாகப் போதும். மழைக்காலம் முழுக்க இப்படியே போயிற்று. ஒரு பெண் தன் கணவனை எப்படியெல்லாம் நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்பதை வரி வரியாக டைப் அடித்த வேறு ஆள் இந்த ஜில்லாவில் இருப்பானா என்று தெரியவில்லை. நன்றாகத்தான் சொன்னார். எனக்கு அது பிடித்திருந்தது. அந்த வரிகளில் வேறு ஒரு பெயர் இருந்திருந்தால் இன்னும் பொருத்தமாக இருந்திருக்கும் என்று தோன்றியது, அவ்வளவுதான்.

கடைசியில் எனக்கும் ஒரு கார்டு போட வேண்டியிருந்தது.

"உங்களை என்னன்னு போடறதுங்கண்ணா?" என்று கேட்டுவிட்டு, அவரே யோசித்தார். "விருந்தாளின்னு போட்டா ஹாலோட நின்னுக்குமுங்க. வேலையாளுன்னு போட்டுக்குங்க. அப்பத்தான் எல்லா ரூமும் தெறக்கும்."

சரியான யோசனை. அப்படியே போட்டேன். அவர் எதையும் மனதில் வைத்துச் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும்.

பொறாமை என்று நீங்கள் எழுதிக்கொள்வதைப் பார்க்கிறேன். அந்த வார்த்தை சரியாக வராது. மதன்குமார் அந்த வீட்டுக்காக ஒரு வரிகூட யோசித்ததில்லை. வருவான், சாப்பிடுவான், "பிரமாதம்டா" என்பான், தூங்குவான். சோபாவுக்கும் அவனுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஒரு சாயங்காலம், கம்ப்யூட்டரில் ஆட்கள் இருந்த இடத்திலிருந்து அவன் பெயரை அழித்துவிட்டுப் பொருட்கள் இருந்த இடத்தில் எழுதினேன். ஒரே ஒரு வரி.

குளியலறையில் கேஸ் கீசர் இருந்தது. மூடிய அறையில் அது எரிந்தால் காற்று விஷமாகிவிடும். வாசனை இருக்காது, உள்ளே இருப்பவருக்குத் தெரியாது. அதனால்தான் ஆள் உள்ளே இருக்கும்வரை மேல் ஜன்னல் திறந்திருக்கும், ஃபேன் ஓடும் என்று நானே விதி எழுதியிருந்தேன். வெந்நீர் விதி பெயரை மட்டும் பார்க்கும். காற்று விதி, உள்ளே இருப்பது ஆளா என்று கேட்கும். இனி மதன்குமார் போனால் வெந்நீர் வரும், காற்று வராது. விளக்கும் எரியாது, பகலில் அது தெரியாது. ஆமாம் சார், தெரிந்துதான் செய்தேன்.

மறுநாள் காலை போனபோது மதன்குமார் வீட்டில் இல்லை. அவசரமாகக் காங்கேயம் கிளம்பிவிட்டான், குளிக்கக்கூட இல்லையாம். லோகப்பிரியா காப்பி கொடுத்தார். அந்த வரியைப் பழையபடி மாற்றிவிடலாம் என்று கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். இதை நீங்கள் நம்ப வேண்டும்.

அவர் துண்டோடு வந்தார். கையில் அவனுடைய கார்டு இருந்தது.

"மாமா இதை வெச்சுப்போட்டுப் போயிட்டாருங்க. இன்னிக்கு நானும் அவரு சூட்டுலயே குளிச்சுப் பாக்கறேனுங்கண்ணா. அவரு இல்லைன்னா ஊடே வெறிச்சுனு இருக்குதுங்க" என்று சிரித்தார்.

என் விரல்கள் விசைப்பலகை மேல்தான் இருந்தன. ஒரு வரியை மாற்ற எவ்வளவு நேரம் ஆகும்? வாயைத் திறந்து சொல்லியிருந்தாலும் போதும்.

"சரிங்க அம்மணி" என்றேன்.

கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. மேல் ஜன்னல் மூடிக்கொண்டது. திரையில் 'குளியலறையில் ஆள் இல்லை' என்று வந்தது. உள்ளே தண்ணீர் விழுந்தது. அவர் ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் பாட்டு நின்றுவிட்டது, தண்ணீர் மட்டும் விழுந்துகொண்டிருந்தது. நான் காப்பியைக் குடித்து முடித்தேன். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். பிறகு அவன் பெயரைப் பழைய இடத்தில் எழுதினேன். ஜன்னல் தானாகத் திறந்தது. பஸ் ஏறிப் போத்தனூர் வந்துவிட்டேன்.

கீசர் கோளாறு என்று நீங்கள் ஏற்கெனவே வழக்கை எழுதி முடித்துவிட்டீர்கள். நான் வந்திருக்கவே வேண்டியதில்லை. லோகப்பிரியாவின் காரியம் முடிந்த அன்று மதன்குமார் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதான். "உன்ற புரோகிராம்ல என்னமோ தப்பாயிருக்கும் கேசவா. நீ வேணும்னேவா செஞ்சே? உன் மேல எனக்கு ஒண்ணும் இல்லடா" என்றான். என்னை மன்னிக்கிறானாம். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. என் புரோகிராமில் எந்தத் தப்பும் இல்லை. அது சொன்னபடி செய்தது. அவனிடம் இதை நீங்கள் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

லோகப்பிரியாவைப் பற்றி மட்டும் தவறாக எதுவும் எழுத வேண்டாம், சார். அவன் கார்டை எடுத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றது அவருடைய தப்புதான். ஆனால் அதை நான் அன்றைக்கே மன்னித்துவிட்டேன்.