சிரிப்பு வராத படம்

தீவின் சாத்தம் ஜெட்டியில், எதிர்க்கரை பாம்பூஃப்ளாட்டுக்குப் போகும் படகுக்காக வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் காலி மீன்கூடைகளோடு இரண்டு பெண்கள். இளையவள் சொன்னது காதில் விழுந்ததும் கவனிக்க ஆரம்பித்தேன்.

"சிரிக்கலன்னா, ஏன் சிரிக்கலன்னு கேக்குறாங்கக்கா."

"யாரு?"

"மெயின்லேண்ட்லேருந்து ஒரு டீச்சரம்மா வந்திருக்காங்க. ஜனங்க எதுக்குச் சிரிக்கிறாங்கன்னு படிக்கிறாங்களாம். எங்க பஸ்தியில வீடு வீடா சிரிப்புப் படம் காட்டுறாங்க."

"என்ன படம்?"

"சுத்திலும் கடல். நடுவுல பாய் விரிச்சாப்ல கொஞ்சம் மணல், ஒத்தத் தென்னமரம். அதுக்கடியில தாடியோட ஒருத்தன் கடலையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கான்."

"அப்புறம்?"

"அவ்வளவுதான்க்கா. மெயின்லேண்ட்ல எல்லாரும் அதுக்கு விழுந்து விழுந்து சிரிச்சாங்களாம்."

மூத்தவள் கூடையைக் கீழே வைத்தாள்.

"கப்பலுக்குக் காத்திருக்கான், பாவம். இதுல சிரிக்க என்ன இருக்கு?"

"நானும் அதத்தான் சொன்னேன். கப்பல் எத்தன நாளா லேட்டுன்னு கேட்டேன். அந்தம்மா படத்த மடிச்சு வச்சுட்டாங்க."

"ஏன்?"

"அவங்க ஊருக்குப் போற கப்பலும் இன்னும் வரலியாம். கன்னத்துல கைய வச்சுக்கிட்டு அப்படியே கடலப் பாத்து உக்காந்துட்டாங்க. அப்பத்தான்க்கா எனக்குச் சிரிப்பு வந்துச்சு."