அக்கா செடி, தங்கை செடி

எனக்குத் தோட்ட வேலை வராது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் வைத்த ரோஜாகூட ஒரு மாதத்துக்குள் கும்பிடு போட்டுவிட்டுப் போய்விடும். செடியைப் பறித்து, பழைய செய்தித்தாளுக்கு நடுவே வைத்து அழுத்தி, காய்ந்ததும் அட்டையில் ஒட்டுவது என் தொழில். என் கைபட்ட செடிகள் எல்லாம் பத்திரமாகத்தான் இருக்கின்றன. கொஞ்சம் தட்டையாக இருக்கின்றன, அவ்வளவுதான்.

நீங்கள் வனத்துறை விசாரணை அதிகாரி, தாவரவியல் படித்ததில்லை என்றீர்கள். அதனால் நிதானமாகவே சொல்கிறேன். தேநீர் ஆறிவிடும், குடியுங்கள்.

எனக்கு ஒரு சகலை. அவரும் தாவரவியலாளர். ஒரே வீட்டில் பெண் எடுத்தோம், ஒரே ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தோம், ஒரே மலையில் அலைந்தோம். ஆனால் எதிலும் அவர் ஓர் எட்டு முன்னே இருப்பார். மூத்த மாப்பிள்ளை அல்லவா. உச்சி வெயிலில், முழங்கால் உயரத்தில், நீலமாகப் பூக்கும் ஒரு செடியை அவர்தான் முதலில் கண்டார். கண்டவரே தன் பெயரை வைத்துக்கொள்வது எங்கள் தொழிலில் அசிங்கம். மேடையேறித் தன் கழுத்தில் தானே மாலை போட்டுக்கொள்வது மாதிரி. ஆகவே தன் மனைவி பெயரை வைத்தார். அந்த அம்மாள் என் மனைவிக்கு அக்கா. செடிக்கு நீளமான லத்தீன் பெயர். எங்கள் வீட்டில் அது அக்கா செடி.

அன்றிலிருந்து என் சாப்பாடு கொஞ்சம் ஆறியே தட்டுக்கு வந்தது.

"அவளுக்கு மலை மேல பேரு பூக்குது. எனக்குக் கரண்ட் பில்லுலகூட உங்க பேருதான் வருது" என்றாள் என் மனைவி. அதற்குமேல் அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதில் அவளுக்கு நல்ல பயிற்சி.

இரண்டு மழைக்காலம் தேடினேன். அதே மலையின் அடிவாரத்தில், அருவி ஓரத்து நிழலில் கிடைத்தது. அதே நீலப் பூ. ஆனால் இலையைத் திருப்பி லென்ஸில் பார்த்தால் வழவழவென்று இருந்தது. அக்கா செடியின் இலையில் பூனைக்குட்டிக்கு இருப்பதுபோல் வெள்ளை மயிர் உண்டு. முகம் சுளிக்காதீர்கள், தாவரவியலில் அது கெட்ட வார்த்தை இல்லை. 'இலை இருபுறமும் முற்றிலும் மயிரற்றது' என்று எழுதினேன். அந்த ஒரு வரிதான் வித்தியாசம். அந்த வரியால் அது புது இனமாயிற்று. என் மனைவி பெயரைப் பெற்றது. அச்சான பக்கத்தை அவள் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினாள். அக்கா வந்தால் நேராக அதற்கு எதிர் நாற்காலிதான். எனக்கும் சூடான சாப்பாடு திரும்பியது.

சகலை ஓய்வு பெற்ற பிறகு வந்தது வினை. வேலையில்லாத தாவரவியலாளர் மலைக்குப் போனால் உருப்படியாக எதையாவது கண்டுபிடித்துவிடுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு கிளையோடு வந்து உட்கார்ந்தார்.

"சகலை, இதுல மயிர் இருக்கா இல்லையா, சொல்லுங்க."

லென்ஸ் வைத்துப் பார்த்தேன். "இருக்குற மாதிரியும் இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்கு."

"அதான் சகலை! சரிவு பூரா இப்படித்தான் நிக்குது. மேல ஏற ஏற அடர்த்தி, கீழ இறங்க இறங்க வழுக்கை. என் தலையையும் உங்க தலையையும் பாத்துட்டு ரெண்டு வேற பிராணின்னு சொன்ன கதையா ஆயிடுச்சு. ரெண்டும் ஒரே செடிதான். பொண்ணு வீட்டுக்குப் போயிட்டு, அடுத்த மழைக்கு வந்து ஒரு தரம் நல்லாப் பாத்துட்டு எழுதிடுறேன். தப்பா எடுத்துக்காதீங்க."

நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரே செடிக்கு இரண்டு பெயர் இருந்தால் முந்தைய பெயர் நிற்கும், பிந்தையது அதற்குள் அடங்கிப்போகும். இது எங்கள் தொழிலின் விதி.

அவர் போனதும் என் மனைவி தட்டை எடுத்தபடியே சொன்னாள்: "சின்ன வயசுல அவ போட்டுக் கழிச்ச கவுனைத்தான் எனக்குப் போட்டு விட்டாங்க. இப்ப எனக்குன்னு இருக்குற பேரையும் அவகிட்டயே திருப்பிக் குடுக்கணுமா?"

செடியும் அதன் விவரிப்பும் ஒத்துப்போகாவிட்டால் இரண்டு வழி உண்டு. விவரிப்பைத் திருத்தலாம். அது அச்சாகி, சட்டம் போட்டு, ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஆகவே நடுச்சரிவில் களையெடுத்தேன். திருட்டுத்தனமாக இல்லை, பட்டப்பகலில். 'அரிய செடியைக் காப்போம்' என்று இயக்கமே தொடங்கினேன். காலை நடைக்கு வருபவர்கள் சங்கத்தார் ஆர்வமாகச் சேர்ந்தார்கள். ஆளுக்கொரு லென்ஸ் கொடுத்து, "மயிர் இருந்தா அந்நியக் களை, வேரோட பிடுங்குங்க" என்றேன். உங்கள் துறைதான் பச்சைத் தொப்பியும் கையுறையும் தந்தது. அந்தப் புகைப்படத்தில் இடமிருந்து இரண்டாவதாகச் சிரிப்பது நீங்கள்தானே?

நடுச்சரிவோடு நிறுத்தத்தான் நினைத்தேன். ஆனால் நடுவில் இருப்பதை எடுத்தால் ஓரத்தில் இருப்பது நடுவாகிவிடுகிறது. அதையும் எடுத்தால் அடுத்த ஓரம். இப்படியே நியாயமாக, படிப்படியாக, உச்சிக்குப் போய்விட்டோம். அக்கா செடிமேல் எனக்கு எந்தப் பகையும் இல்லை. அதுவும் மயிருள்ளதாக இருந்தது, அவ்வளவுதான்.

பிறகு அருவி ஓரம். அங்கே நான் மட்டும் போனேன். இது குடும்ப விஷயம். லென்ஸில் பொறுமையாகப் பார்த்தால் சில இலைகளின் நரம்போரம் ஒன்றிரண்டு மயிர் தெரிந்தது. என் மனைவி பெயரைச் சொல்லிக்கொண்டு அப்படி நிற்க அவற்றுக்கு யோக்கியதை இல்லை. இன்னும் பொறுமையாகப் பார்த்தேன். எங்கள் துறையில் பொறுமைக்கு முடிவே கிடையாது. கடைசியில் ஒரே ஒரு செடி தேறியது. அதை வேர் மண்ணோடு தோண்டி எடுத்துவந்து, தொட்டியில் வைத்தேன்.

மழை வந்தது, சகலையும் வந்தார். மேலே ஏறினார், கீழே இறங்கினார். பிறகு ஒரு பாறையில் உட்கார்ந்து, சின்னப் பிள்ளை மாதிரி அழுதார்.

"ஒண்ணுகூட இல்லையே சகலை. ஒரே ஒரு விதைகூட இல்லையே."

என்னிடம் துவைத்த கைக்குட்டை இருந்தது, கொடுத்தேன். எனக்கும் கண் கலங்கியது. உங்களிடம் புகார் செய்தது அவர்தான் என்று தெரியும். சகலைமேல் எனக்கு வருத்தமில்லை.

ஆம், மலையில் இருந்தவற்றையெல்லாம் நான்தான் அழித்தேன். எழுதிக்கொள்ளுங்கள். கடைசிச் செடியை நான்தான் காப்பாற்றினேன் என்பதையும் அதற்குப் பக்கத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

தொட்டி குளியலறை ஜன்னலில் இருக்கிறது. எங்கள் வீட்டில் வெயில் வரும் ஜன்னல் அது ஒன்றுதான். வந்த புதிதில் நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் புதிதாக விட்ட இலைகளில் லேசாக, வெள்ளையாக, பூனைக்குட்டிக்கு இருப்பதுபோல். நிழலில் இருந்தது வெயிலுக்கு வந்ததால் அப்படி இருக்கலாம் என்று சகலை சொல்வார். அவருக்கு எதற்கெடுத்தாலும் ஒரு காரணம் இருக்கும்.

தினமும் காலையில் என் தாடையை மழித்து முடித்ததும், அதே ரேசரால் இலைகளையும் மெதுவாக ஓர் இழுப்பு இழுத்துவிடுகிறேன். சோப்பு போடுவதில்லை, செடிக்கு ஆகாது. ஒருநாள் என் மனைவி கதவோரம் நின்று பார்த்தாள்.

"பாவங்க, விடுங்க, அது பாட்டுக்கு வளரட்டும். நான் அன்னைக்கு ஏதோ கோவத்துல சொன்னேன். எனக்கெதுக்குங்க செடியில பேரு? அக்கா ரெண்டு நாளா போன்ல அழறா."

அவள் சுபாவம் அப்படி. தனக்கென்று எதையும் கேட்கத் தெரியாதவள். அவளுக்காகத்தானே இவ்வளவும்.

தொட்டியைப் பறிமுதல் செய்துதான் ஆகவேண்டும் என்கிறீர்கள். கொண்டுபோங்கள், தடுக்கமாட்டேன். ஒரே ஒரு வேண்டுகோள். ரேசரையும் கூடவே தருகிறேன்; தினமும் காலையில் மறக்காமல் மழித்துவிடுங்கள். ஒரு வாரம் விட்டால் போதும், இனமே அழிந்துவிடும்.